காரில் இருந்து பார்த்த கோதுமை

கோதுமை வாய் திறந்து பேசாது என்கிற ஒரே தைரியத்தில் நடந்துகொண்டிருந்தது தேசியக் கோதுமைத் தாங்குதிறன் ஆணையம்.

ஆணையத்தின் வேலை என்னவென்று கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கோதுமை வயலில் களை முளைக்கும். களையைக் கொல்ல மருந்து தெளிப்பார்கள். சில ரகக் கோதுமை அந்த மருந்தைத் தாங்கிக்கொள்ளும். சில ரகம் தாங்காமல் களையோடு சேர்ந்து தானும் கருகிப் போகும். எந்த ரகம் தாங்கும், எது தாங்காது என்று பரிசோதித்து, மருந்து அடிக்கும் பருவத்துக்கு முன்னால் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒரு வயலும், கண் நன்றாகத் தெரிகிற ஓர் ஆளும் போதும். அரசாங்கம் தாராள மனதோடு ஓர் உயர்ந்த கட்டடம், ஒரு தலைவர், ஒரு மதிப்பீட்டுக் குழு, அறைக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் எல்லாம் கொடுத்திருந்தது. கண் தெரிகிற ஆள்தான் விட்டுப்போயிற்று.

ஆணையம் தொடங்கிய நாளில் இருந்து இன்றுவரை எந்த ரகத்தையும் அது 'தாங்காது' என்று சொன்னதில்லை. ஒவ்வொரு ரகத்தையும் யாரோ ஒரு விஞ்ஞானி உருவாக்கியிருக்கிறார். அந்த ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுக் குழுவில் ஒரு நாற்காலி இருக்கிறது. இன்றைக்கு உன் ரகம் என் கையில், நாளைக்கு என் ரகம் உன் கையில் என்ற நிலைமையில், பயிர் கருகினாலும் நட்பு கருகாமல் பார்த்துக்கொண்டார்கள். இதைத்தான் ஆண்டறிக்கையில் விஞ்ஞானிகளுக்கு இடையே நிலவும் ஒருமித்த கருத்து என்று போடுவார்கள்.

இந்த இடத்துக்குத்தான் சுந்தரேஷை மாற்றினார்கள். அதுவரை அவர் கப்பல் துறையில் பிரிவு அதிகாரி. கடலைப் பார்க்காமலேயே கப்பல்களுக்குப் பல வருஷம் கடிதம் எழுதியவர். கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருக்கிறார். பிறந்து வளர்ந்தது தில்லி என்றாலும் பூர்வீகம் கும்பகோணம் பக்கம் என்பதால் வீட்டில் ராத்திரிக்கு மட்டும்தான் சப்பாத்தி.

"சோறு சாப்பிடறவாளைத் தேடிப் பிடிச்சுக் கோதுமைக்குப் போட்டிருக்கா," என்றாள் மனைவி ப்ரீதா. "பாரபட்சம் இல்லாம இருப்பேள்னு நெனச்சிருப்பா."

அவருக்குக் கொடுத்தது விவசாயிகள் தொடர்புப் பிரிவு. பெயரைப் பார்த்து சுந்தரேஷ் கொஞ்சம் பயந்தார். பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பிரிவுக்கு இதுவரை ஒரு விவசாயியும் வந்ததில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, விவசாயிகளுடனான தொடர்பு மேலும் வலுப்பட்டுள்ளது என்று ஒரு பத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருஷத்துப் பத்தி கணினியிலேயே இருந்தது.

டிசம்பர் கடைசியில், எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்கு மூட்டமாக இருந்த ஒரு திங்கட்கிழமை, வாசலில் இருந்து காவலாளி ஃபோன் செய்தான். "சாப், உங்க உறவினர் வந்திருக்கார்."

தில்லியில் முன்னறிவிப்பு இல்லாமல் உறவினர் வருவது சகஜம். சுந்தரேஷ் இறங்கிப் போனார். குரங்குக் குல்லாய், கம்பளி, கையில் ஒரு பாலிதீன் பையோடு உயரமான ஒரு மனிதர் நின்றார். கும்பகோணத்து முகமாக இல்லை. விசாரித்ததில், வருகையாளர் வகைகளில் விற்பனையாளர், தணிக்கைக்காரர், உறவினர் ஆகிய மூன்றுதான் இருக்கின்றன, விவசாயி என்று ஒரு வகையே இல்லை, ஆகவே இருப்பதில் பொருத்தமானதைப் போட்டேன் என்றான் காவலாளி.

அவர் பெயர் தரம்வீர். நஜஃப்கட்டுக்கு அப்பால் ஒரு கிராமம். அதுவும் தில்லிதான் என்பது தில்லிக்கு நினைவில்லை. பஸ், மெட்ரோ, மறுபடியும் பஸ் என்று மாறி வந்திருந்தார். சுந்தரேஷின் மேஜை மேல் பையைக் கவிழ்த்தார். மண்ணோடு ஒரு கொத்துப் பயிர் விழுந்தது. அவர் பேசிய கரடுமுரடான ஹரியாணா ஹிந்தியை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

"இது உங்க ஸ்வர்ண விக்ரம், சாப். உங்க ஆபீஸ் குடுத்த விதை. நல்ல விதைன்னு சொன்னீங்கன்னு இருக்கற நிலம் பூரா இதையேதான் போட்டேன். இப்ப நடுவுல மண்டூசி ஏறிடுச்சு."

மண்டூசி என்றால் என்ன என்று சுந்தரேஷ் கேட்டார். அது ஒரு களை. கதிர் வெளிவருகிறவரை பார்ப்பதற்குக் கோதுமை மாதிரியே இருக்கும். கோதுமையின் தண்ணீரைக் குடித்து, கோதுமையின் உரத்தைத் தின்று, கடைசியில் எருமைக்கு மட்டுமே ஆகிற ஒரு கதிரை நீட்டும். இப்படி வாழ்கிறவர்களைச் சுந்தரேஷ் கப்பல் துறையில் நிறையப் பார்த்திருந்ததால் உடனே புரிந்தது.

"கடைக்காரன் ஒரு மருந்தைக் காட்டறான். பழைய ரகத்துக்கு அடிச்சிருக்கேன், பயிருக்கு ஒண்ணும் ஆகலை. இந்தப் புது ரகம் தாங்குமா? அடிக்காட்டி பாதி விளைச்சலை மண்டூசி தின்னுடும். அடிச்சுப் பயிர் தாங்கலைன்னா முழுசும் போயிடும். வருஷம் பூரா வீட்டுல ரொட்டி இதுலேர்ந்துதான். அடிக்கலாமா, கூடாதா, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க, போயிடறேன். முதல் தண்ணி பாய்ச்சியாச்சு. இந்த வாரத்தை விட்டா மருந்தும் கேக்காது."

சுந்தரேஷுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவான கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காகவே கட்டிய கட்டடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். "டீ குடிங்க, இதோ கேட்டுண்டு வந்துடறேன்," என்று எழுந்தார்.

பரிசோதனை வயலைக் கவனித்துக்கொள்ளும் விஞ்ஞானி மேதா கீழ்த்தளத்தில் இருந்தாள். தில்லி லக்ஷ்மிபாய் நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஸ்வர்ண விக்ரம் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ரிசல்ட் இன்னும் வரலை, சார்."

"மருந்து அடிச்சாச்சா?"

"நம்ம ஃபார்ம்ல சீக்கிரமே வெதச்சாச்சு. மருந்தும் எப்பவோ அடிச்சாச்சு."

"அப்ப பயிர் இருக்கா, போயிடுத்தா?"

"அது ரிவ்யூ கமிட்டி பாத்தப்புறம்தான் தெரியும். வியாழக்கிழமை வரா."

"நீங்க பாக்கலையா?"

"டெய்லி பாக்கறேன், சார். ஆனா நான் பாக்கறது பாத்ததா ஆகாது."

சுவரில் ஆணையத்தின் தாங்குதிறன் அளவுகோல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. மிகச் சிறந்த தாங்குதிறன், சிறந்த தாங்குதிறன், வளர்ந்துவரும் தாங்குதிறன், ஆழ்ந்த ஓய்வு நிலை என்று நான்கு படிகள். கடைசிப் படி முன்பு 'செத்தது' என்றுதான் இருந்ததாம். ஒரு மூத்த உறுப்பினரின் ரகத்துக்கு நேராக அந்தச் சொல் விழுந்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு குழு கூடி, ஒரு பயிரைச் செத்தது என்று முடிவு கட்டுவது விஞ்ஞான மனப்பான்மை ஆகாது என்று தீர்மானம் போட்டது.

"ஆழ்ந்த ஓய்வுல இருக்கற பயிர் எப்போ எழுந்துக்கும்?" என்று சுந்தரேஷ் கேட்டார்.

"எழுந்துக்காது, சார்."

"விக்ரம் ஓய்வுல இருக்கா?"

மேதா ஜன்னலைப் பார்த்தாள். "சார், எனக்கு மார்ச்சுலதான் ப்ரொபேஷன் முடியறது," என்றாள்.

இதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு போய் விவசாயியிடம் சொல்ல முடியுமா? தாங்கும் என்றும் ஆகவில்லை, தாங்காது என்றும் ஆகவில்லை. சுந்தரேஷ் மேல்மாடிக்கு ஏறினார்.

ஆணையத் தலைவர் டாக்டர் ராமசுப்ரமணியன். ஸ்வர்ண விக்ரம் ரகத்தைப் பெற்றெடுத்தவரும் அவர்தான். தில்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் செய்தி வாசிக்கிறவர் பேசும் ஹிந்தியைத் தவிர வேறு ஹிந்தி அவருக்குப் புரியாது. அதனால் தமிழர்கள் யார் வந்தாலும் பிரியமாகப் பேசுவார்.

"உக்காருங்கோ சுந்தரேஷ். உங்க சொந்தக்காரர் யாரோ விவசாயி வந்திருக்காராமே."

"சொந்தக்காரர் இல்லை, சார்."

"இருந்தா என்ன, தப்பில்லை. சொந்தக்காரனுக்காக ஓடறது இயல்பு. முன்னப்பின்ன தெரியாதவனுக்காக ஓடினாத்தான் விஜிலன்ஸ்ல கேள்வி கேப்பா."

சுந்தரேஷ் கேள்வியைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அடிக்கலாமா கூடாதான்னு கேக்கறார். பாமரக் கேள்வி. விஞ்ஞானத்துல அப்படி ரெண்டு பதில் கெடையாது. ஒரு பயிர் கருகித்துன்னு வெச்சுக்குங்கோ. மருந்து சரியில்லாம இருக்கலாம். மண் சரியில்லாம இருக்கலாம். தண்ணி, வெயில், தெளிப்பான், தெளிச்ச ஆள், எல்லாத்தையும் ஒவ்வொண்ணா ஆராயணும். கட்டக்கடைசியிலதான் ரகத்து மேல கை வைக்கணும். அதுக்குள்ள அறுவடை முடிஞ்சுடும். அறுவடை முடிஞ்சப்புறம் கேள்வியே இல்லையே. இப்படித்தான் நான் பொறுப்புக்கு வந்ததுலேர்ந்து ஒரு புகார்கூட நிலுவையில இல்லாம வெச்சிருக்கேன்."

"அவருக்கு இந்த வாரமே தெரியணுமாம், சார்."

"வியாழக்கிழமை கமிட்டி வரதே. உங்க சொந்தக்காரரைப் பொறுமையா இருக்கச் சொல்லுங்கோ."

சுந்தரேஷ் இறங்கி வந்தார். டீ ஆறிப்போயிருந்தது. தரம்வீர் குடிக்காமல் காத்திருந்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் மருந்துல கை வைக்காதீங்க," என்றார் சுந்தரேஷ். "எங்க ஆபீஸ்லேர்ந்து உங்களுக்குக் கட்டாயம் பதில் வரும்."

தரம்வீர் மனக்கணக்குப் போட்டார். "வியாழன் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்," என்று சொல்லிக் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, மேஜையில் கொட்டிய மண்ணைக் கையாலேயே வழித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மதிப்பீட்டுக் குழுவின் வயல் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரிசோதனை வயலில் குழு உறுப்பினர்கள் காலை வைக்கக் கூடாது என்று ஆரம்பத்தில் ஒரு விதி செய்திருந்தார்கள். பயிர் மிதிபடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். வயலில் இறங்கக் கூடாது என்பது, சில வருஷங்களில், வரப்பில் நிற்கக் கூடாது என்று வளர்ந்தது. பிறகு காரை விட்டே இறங்கக் கூடாது என்று ஆயிற்று. தில்லிக் காற்று கெட்டதும் கார்க் கண்ணாடியையும் இறக்கக் கூடாது என்று சேர்த்தார்கள். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. ஆக, ஓடுகிற காரில், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, மூட்டத்துக்கு நடுவில் எது பச்சையாகத் தெரிகிறதோ அதற்கு மதிப்பெண்.

பாத்திகளை எந்த வரிசையில் போடுவது என்பதிலும் ஒரு முறை இருந்தது. ரகத்தை உருவாக்கியவரின் பதவி மூப்புப்படி. தலைவரின் ரகம் சாலை ஓரத்தில், முதல் பாத்தி. அவருக்கு அடுத்தவர் அதற்குப் பின்னால். ஓய்வுபெற்றவர்களின் ரகங்கள் கடைசியில் சாக்கடை ஓரம். இறந்துபோன ஒரு விஞ்ஞானியின் ரகத்தைச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் விதைத்திருந்தார்கள். எந்த மருந்துக்கும் வாடாத ரகம் அதுதான் என்று மேதா ஒரு தரம் யாரிடமோ சொல்லி, அதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு மெமோ வந்திருந்தது.

வியாழக்கிழமை காலை கார்கள் வரிசையாகப் போயின. கடைசியில் சமோசாப் பெட்டிகளோடு போன வேனில் சுந்தரேஷ். ஒரு காரில் இருந்து இன்னொரு காருக்குக் கைபேசியில் பேசிக்கொண்டே ஆராய்ந்தார்கள். முதல் பாத்தி வந்ததும் தலைவரின் காரில் எல்லோரும் சேர்ந்து பரவசப்பட்டது வேனில் இருந்த கைபேசி ஒலிபெருக்கியிலும் கேட்டது. என்ன பச்சை, என்ன செழிப்பு, ஒரே சீராக நிற்கிறதே என்றார்கள். பின்னால் இருந்த பாத்திகள் மூட்டத்தில் தெரியவில்லை. ஆகவே அவற்றுக்கு மூப்புப்படி மதிப்பெண் போட்டார்கள்.

கார்கள் நின்றதும், சமோசாவை எந்தக் காருக்கு முதலில் கொடுப்பது என்று கேட்பதற்காக சுந்தரேஷ் வேனை விட்டு இறங்கினார். வயலுக்கும் புதியவர், விதிக்கும் புதியவர். நேராக முதல் பாத்தியில் நின்றுகொண்டிருந்த மேதாவிடம் போய்விட்டார். காலடியில் சருகு நொறுங்கியது. குனிந்து பார்த்தார். வரிசை வரிசையாக, விதைத்த கோடு மாறாமல், பழுப்பாகக் கருகிக் கிடந்தது. அதற்கு நடுவில்தான் அந்தப் பச்சை, முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது.

மேதா ஒரு செடியைப் பிடுங்கி வேரோடு காட்டினாள். அடித்தண்டு சிவந்திருந்தது. "இதான் சார் மண்டூசி. இந்த மருந்துக்கெல்லாம் இது சாகறதை விட்டு ரொம்ப நாள் ஆச்சு. கோதுமைதான் பூரா காலி. தண்ணி, உரம், எடம் எல்லாம் இப்ப இதுக்கு மட்டுந்தான், அதான் இப்படிக் கொழுத்திருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொன்னதா சொல்லிடாதீங்கோ," என்றாள்.

சுந்தரேஷ் கைபேசியை எடுத்தார். அந்த இடத்திலேயே தரம்வீருக்கு ஃபோன் போட்டார். "அடிக்காதீங்க. அந்த மருந்தைத் தொடாதீங்க."

அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "சாப், உங்க ஆபீஸ் மெசேஜ் விடிகாலையிலேயே வந்துடுச்சே. ஸ்வர்ண விக்ரம் எந்த மருந்தையும் தாங்கும், பயமில்லாம அடிக்கலாம்னு. நீங்க சொன்ன மாதிரியே வியாழக்கிழமை கரெக்டா அனுப்பிட்டீங்க. கடைசி டேங்க்கும் அடிச்சு முடிச்சுட்டு இப்பத்தான் கை கழுவறேன்."

குழு பார்க்கப்போவது வியாழக்கிழமை என்று முடிவானதும், குழு என்ன பார்க்கும் என்பதும் கூடவே முடிவாகிவிட்டது. செய்தியைத் திங்கட்கிழமையே எழுதி, வியாழன் விடியலில் விதை வாங்கிய விவசாயிகளுக்கெல்லாம் தானாகப் போகும்படி கணினியில் போட்டு வைத்திருந்தார்கள். சுந்தரேஷ் அடிக்காதே என்றதால் அடிக்காமல், பதில் வரும் என்றதால் காத்திருந்து, வந்ததை நம்பி அந்த மனிதர் தன் பயிரைத் தானே கொன்றிருந்தார். கடைசியில் நன்றி வேறு சொன்னார். அந்த நன்றியைக் கேட்டு சுந்தரேஷுக்கு அவமானமாக இருந்தது.

தலைவரின் காருக்கு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கண்ணாடி இறங்கியது.

"சார், முதல் பாத்தில கோதுமையே இல்லை. எல்லாம் செத்துப்போயிடுத்து. நிக்கறது மண்டூசி."

"நீங்க வண்டியை விட்டு இறங்கினேளா?"

"ஆமாம், சார்."

"பாத்திக்குள்ள கால் வெச்சேளா?"

"வெச்சுத்தான் பாத்தேன்."

"அப்போ நீங்க பாத்தது செல்லாது," என்றார் தலைவர் வருத்தத்தோடு. "நீங்க கால் வெச்சதும் அது சேதமான பாத்தி. சேதமான பாத்தியைப் பத்தி ஒருத்தர் சொல்றதைக் கமிட்டி எப்படி எடுத்துக்கறது?"

"விவசாயிகளுக்கெல்லாம் மெசேஜ் போயிருக்கு. திருத்தம்னு இன்னொண்ணு உடனே அனுப்பிடலாம், சார். இன்னும் அடிக்காதவா இருப்பா."

"திருத்தம்னா முன்னாடி தப்பு நடந்ததுன்னு அர்த்தம். தப்பு நடந்ததுன்னா யாரோ பண்ணியிருக்கணும். அப்படி யாரும் இங்க இல்லையே. யோசிச்சுப் பாருங்கோ, விவசாயிக்கு இந்த ஆபீஸ் மேல இருக்கற நம்பிக்கைதான் பெருசு. ஒரு போகம் போனா அடுத்த போகம் வரும். நம்பிக்கை போனா வருமா?" கண்ணாடி ஏறத் தொடங்கியது. பாதியில் நின்றது. "சமோசா சூடா இருக்கா?"

சுந்தரேஷ் அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் விழுந்த சப்பாத்தியைத் தொடவில்லை. நடந்ததை ப்ரீதாவிடம் சொன்னார். "நீங்க வரும்னு சொன்னதாலதானே அவர் காத்துண்டிருந்தார்?" என்றாள் அவள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய் ரசஞ்சாதம் போட்டுக் கொண்டுவந்தாள்.

பிப்ரவரியில் முதல் பாத்தி கதிர் தள்ளியது. இனிமேல் காரில் இருந்து பார்த்தாலும் தப்ப முடியாது. கோதுமைக் கதிர் எப்படி இருக்கும் என்பது சப்பாத்தி மாவுப் பாக்கெட்டைப் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும். இதுவோ சின்னப் பிரஷ் மாதிரி மொட்டையாக நின்றது. குழு அவசரமாகக் கூடியது. தலைவரின் ரகத்தைக் களை என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த மேஜையைச் சுற்றி இருந்த வாய்கள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு ரகம் இருந்தது. மாலைக்குள் ஒருமித்த கருத்து ஏற்பட்டது. மருந்தைத் தாங்கியதன் விளைவாக ஸ்வர்ண விக்ரம் ஒரு புதிய கதிர் வடிவத்தை எட்டியிருக்கிறது என்று பதிவு செய்தார்கள். இதே சாதனை விவசாயியின் நிலத்திலும் நடந்திருக்கிறதா என்று தேடினார்கள். ஆணையத்துக்கு முகம் தெரிந்த விவசாயி ஒருவர்தான், சுந்தரேஷின் உறவினர். கார்கள் நஜஃப்கட் தாண்டிப் போய், தரம்வீரின் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இறங்காமல் திரும்பி வந்தன. அங்கேயும் ஒரே சீரான பச்சை.

அறுவடைக் காலம் முடிந்ததும் ஆணையத்தின் அரங்கில் விழா. அந்த ஆண்டின் தாங்குதிறன் விவசாயி விருது தரம்வீருக்கு. ஏற்பாடு, விவசாயிகள் தொடர்புப் பிரிவு. சுந்தரேஷ் முடியாது என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். அந்தமானில் ஒரு கிளை திறக்க உத்தேசம் இருப்பதாகத் தலைவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சுந்தரேஷின் பெண் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

தரம்வீர் வெளுத்த குர்தாவில் வந்தார். ஆள் இளைத்திருந்தார். சுந்தரேஷைத் தனியாகக் கூப்பிட்டு, "ஃபோன்ல ஏதோ குடுக்கப்போறதா சொன்னாங்க. நஷ்ட ஈடுதானே, சாப்?" என்று கேட்டார். சுந்தரேஷ் தரையைப் பார்த்தார்.

தலைவர் தன் செய்தி வாசிப்பு ஹிந்தியில் பேசினார்; தமிழில் இப்படி வரும். "பத்தாயிரம் வருஷமாக் கோதுமைக் கதிர் ஒரே மாதிரி இருந்தது. யாருக்கும் அதை மாத்தணும்னு தோணலை. நாம மாத்தியிருக்கோம். வேற ரகங்கள் மருந்தைத் தாங்கிண்டு, பழையபடி கோதுமையாவே இருந்துடறது. அதுல என்ன முன்னேற்றம்? நம்ம ரகம் தாங்கிண்டு வேற ஒண்ணாவே ஆகியிருக்கு." கைதட்டினார்கள். இதை அவர் ஆங்கிலத்திலும் சொன்னார், மறுபடியும் கைதட்டினார்கள். தரம்வீருக்குச் சால்வை போர்த்தி, கேடயம் கொடுத்து, மண்டூசிக் கதிர்க் கட்டு ஒன்றைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

தரம்வீர் மைக்கைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துப் பேசினார். "எருமைக்குக் குறை ஒண்ணும் இல்லை, சாப். நல்லாத் தின்னுது. நாங்க என்ன திங்கறதுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அந்த ஹிந்தி தலைவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற சுந்தரேஷிடம் குனிந்து, "என்ன சொல்றார்?" என்றார்.

அந்தமானும் பெண்ணின் பத்தாம் வகுப்பும் சுந்தரேஷுக்கு ஒரு நிமிஷம் மறந்துபோயின. ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. தமிழ் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மேதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தலைவரின் முகம் மலர்ந்தது. "எருமையும் திங்கறதா? பலே. குறிச்சுக்குங்கோ. இருபயன் ரகம்னு அடுத்த வருஷம் வெளியிட்டுடலாம். விதை எல்லாத்தையும் இவர் நிலத்துலேர்ந்தே எடுத்துண்டு எல்லா மாநிலத்துக்கும் அனுப்பணும்." மீண்டும் கைதட்டல்.

தேநீருக்கு எல்லோரும் எழுந்தபோது தரம்வீரைக் காணவில்லை. சுந்தரேஷ் படியிறங்கி வாசலுக்கு ஓடினார். சாலைக்கு எதிர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் தரம்வீர் நின்றிருந்தார். சால்வை இன்னும் தோளில் இருந்தது. கடைக்காரர் ஒரு பெரிய ஆட்டா மூட்டையைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார்.

"எங்க வீட்டுல கடை மாவு வாங்கினதே இல்லை, சாப்," என்றார் தரம்வீர். "எது நல்லா இருக்கும்னுகூடத் தெரியலை. இவர் குடுக்கறதை வாங்கிக்கறேன்."

கடைக்காரர் சால்வையையும் கேடயத்தையும் பார்த்தார். "என்ன பரிசு, பெரியவரே?"

"கோதுமை நல்லா வெளஞ்சதுக்கு," என்றார் தரம்வீர். பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்ற ஒரு கை கொடுக்கும்படி சுந்தரேஷிடம் கேட்டார்.

சுந்தரேஷ் குனிந்து தூக்கிவிட்டார். ஆணையத்துக்கு வந்த பிறகு ஒரு விவசாயிக்கு அவர் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.